கல்லாகிப்போன பனைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனைப் புதைபடிவங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் வரும். இது நிஜமாகவே பனையா? எத்தனை வயது? அப்படியென்றால் அந்த இடம் அப்போது வெப்பமண்டலமாக இருந்ததா? முதல் இரண்டுக்கும் தயங்குகிறவர்கள்கூட மூன்றாவதற்கு ‘ஆமாம்’ என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடுகிறார்கள். அந்த அவசரம்தான் இந்தப் பக்கத்தை எழுத வைத்தது.

ஒரு விஷயம் முதலில். கீழே ‘பனை’ என்று பொதுவாகச் சொல்லும் இடங்களில் முழுக் குடும்பத்தையும் எண்ணிக்கொள்ளுங்கள்: பனை, தென்னை, ஈச்சை, கமுகு, பிரம்பு, சேற்றில் வளரும் நீப்பா எல்லாம் அதில் அடக்கம். இன்று சுமார் 2,500 இனங்கள் இருக்கின்றன.

ஒரு கல்லைப் பார்த்து ‘இது பனைமரம்’ என்று எப்படிச் சொல்கிறார்கள்?

பனங்கட்டையை அறுத்துப் பார்த்தவர்களுக்கு இதில் சிரமமே இல்லை. தேக்கை அறுத்தால் வைரம் நடுவில் இருக்கும், சுற்றிலும் வளையங்கள் தெரியும். பனையில் எல்லாம் தலைகீழ்: வைரம் வெளியே, சோறு உள்ளே, வளையம் கிடையாது. வெளியே வைரம் உள்ளதைப் புல் என்றும் உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும் நம் பழைய இலக்கணக்காரர்கள் பிரித்தார்கள். இன்றைய தாவரவியலும் பனையைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்களில்தான் வைக்கிறது. நல்ல கண் அவர்களுக்கு.

மெருகேற்றிய கல்பனைத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்கே அறுத்த முகத்தில், வெளிறிய பழுப்பின் மேல் குண்டூசித் தலை அளவுக்குக் கரும்புள்ளிகள் தெரியும். விளிம்புப் பக்கம் அவை நெருக்கியடித்து நிற்கும், நடுப்பக்கம் போகப் போக விலகிவிடும். கல்லைத் திருப்பி நெடுக்கு முகத்தைப் பார்த்தால் அதே புள்ளிகள் கோடுகளாக ஓடும். லென்ஸ் வைத்தால் ஒவ்வொரு புள்ளியும் இரண்டாகப் பிரிந்து தெரியும்: ஒரு பக்கம் தொப்பி மாதிரி கவிந்த நார், அதையொட்டி ஒன்றிரண்டு பெரிய துளைகள். ஒரு காலத்தில் அந்தத் துளைகள் வழியாகத்தான் வேரிலிருந்து தண்ணீர் ஏறியது. பனஞ்சட்டத்தைத் தடவும்போது கையில் ஏறுகிற சிராய் இந்த நார்க்கற்றைதான்.

மரம் மண்ணிலோ எரிமலைச் சாம்பலிலோ புதைந்து, சிலிக்கா (மணலில் இருக்கும் கனிமம்) கரைந்த நீர் உயிரணுக்களுக்குள் ஊறி இறுகினால் இப்படிக் கல்லாகும். இந்தத் தண்டுக் கற்களுக்குப் பொதுப்பெயர் பால்மாக்ஸிலான். அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலம் 1969-இல் கல்பனையைத் தன் மாநிலக் கல்லாகவே அறிவித்தது. 1976-இல் லூசியானா அதைத் தன் மாநிலப் புதைபடிவமாக்கிக்கொண்டது.

தண்டு மட்டும்தான் கிடைக்குமா?

இல்லை. ஓலை, காய், மகரந்தம், அப்புறம் கண்ணுக்கே தெரியாத சிலிக்கா மணிகள், எல்லாம் கிடைக்கும். ஆனால் ஒரே மரத்தின் உறுப்புகள் சேர்ந்து கிடைப்பது மிக அபூர்வம். மட்டை ஒரு பக்கம் விழும், காய் ஆற்றோடு போகும், மகரந்தம் காற்றோடு போகும். அதனால் தண்டுக்கு ஒரு பெயர், விசிறி ஓலைக்குச் சபாலைட்டஸ், நீப்பா மகரந்தத்துக்குப் பல்லை உடைக்கும் ஸ்பினிசோனோகால்பைட்டஸ் என்று உறுப்புக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரே மரத்துக்கு நான்கு பெயர் இருக்கலாம். யாருக்கும் உறுதியாகத் தெரியாது. பட்டியலில் இத்தனை பெயர் இருப்பதால் அத்தனை இனம் இருந்தது என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது.

அந்தச் சிலிக்கா மணிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பனைகள் மண்ணிலிருந்து உறிஞ்சும் சிலிக்காவை இலையிலும் தண்டிலும் நுண்ணிய உருண்டைகளாகச் சேர்த்து வைக்கின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் உடம்பெல்லாம் முள் கொண்ட பந்து, அச்சு அசலாகக் கடம்பம்பூ. ஓலை மட்கினாலும் எரிந்தாலும் இவை அழியாது. மகரந்தம் மக்கிப்போய்விடுகிற காற்றோட்டமான மண்ணில்கூட ‘இங்கே பனை நின்றது’ என்று சாட்சி சொல்ல இவை மிஞ்சியிருக்கும்.

மிகப் பழைய பனை எது?

எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பழைய ஓலைகளில் ஒன்று அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில் கிடைத்த சபாலைட்டஸ் கரோலினென்சிஸ். வயது சுமார் 8.5 கோடி ஆண்டு, அதாவது டைனோசர்கள் உலவிய காலம். மரபணு ஒப்பீடுகள் இன்றைய பனைக் கிளைகள் பிரியத் தொடங்கியதை 10 கோடி ஆண்டுகளுக்குப் பக்கத்தில் வைக்கின்றன. டைனோசர்களின் கடைசி யுகமான கிரெட்டேசியஸ் காலத்தின் பிற்பகுதிக்கு வந்தால் தென் அமெரிக்காவின் வடபகுதி, ஆப்பிரிக்கா, இந்தியா மூன்றிலும் பாறையைக் கரைத்தால் பனை மகரந்தமாகக் கொட்டுகிறது. அந்த வட்டாரத்துக்கே ‘பனை மாகாணம்’ என்று மகரந்த ஆய்வாளர்கள் பெயர் வைத்துவிட்டார்கள்.

இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் பழைய ‘பனை’ ஒன்றும் உண்டு. கொலராடோவின் டிரையாசிக் பாறையிலிருந்து 1956-இல் விவரிக்கப்பட்ட சான்மிகெலியா. மடிப்பு மடிப்பான பெரிய இலைகள் பார்வைக்குப் பனை மாதிரியே இருந்தன. பின்னால் நல்ல மாதிரிகள் கிடைத்தபோது அது பனை இல்லை என்றாகிவிட்டது. மடிப்பை மட்டும் பார்த்து முடிவு கட்டினால் இப்படித்தான் ஆகும்.

பனையை ஏன் பழங்கால வெப்பமானி என்கிறார்கள்?

குளிரிடமிருந்து தப்பிக்கப் பனைக்கு வழியே இல்லை என்பதால்.

குளிர் நாட்டு மரங்களைப் பாருங்கள். இலையைக் கொட்டிவிட்டு, மொட்டுகளைச் செதில் போர்த்தி மூடி, மாதக்கணக்கில் தூங்கும். ஒரு கிளை பனியில் கருகினால் வேறொரு மொட்டிலிருந்து துளிர்க்கும். பெரும்பாலான பனைகளுக்குத் தண்டு ஒன்று, அதன் உச்சியில் குருத்து ஒன்று. அந்தக் குருத்து செத்தால் தண்டும் சாகும். உறக்கம் என்ற பழக்கமும் கிடையாது; ஆண்டு முழுக்கக் குருத்தோலை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இதைவிட முக்கியமான பலவீனம் தண்டுக்குள் இருக்கிறது. நீர்க்குழாயில் தண்ணீர் உறைந்து உருகும்போது காற்றுக்குமிழி உருவாகி ஓட்டம் அடைபடும். தேக்கு மாதிரியான மரங்கள் அடுத்த பருவத்தில் புதுக் குழாய்களைச் சேர்த்துச் சமாளித்துக்கொள்ளும். பனைத்தண்டு ஒரு முறை தடித்ததோடு சரி. பிறந்தபோது கிடைத்த குழாய்களை வைத்துக்கொண்டுதான் நூறு வருஷம் ஓட்ட வேண்டும். வளையம் இல்லாததும் குளிர் ஆகாததும் ஒரே உடலமைப்பின் இரண்டு முகங்கள்.

சரி, எவ்வளவு குளிர் தாங்கும்? 1990-களில் டேவிட் கிரீன்வுட், ஸ்காட் விங் என்ற இரு புதைபடிவத் தாவர ஆய்வாளர்கள் இன்றைய பனைகள் இயற்கையாக வளரும் இடங்களின் வெப்பநிலைகளைத் தொகுத்து ஓர் எல்லை சொன்னார்கள்: மிகக் குளிரான மாதத்தின் சராசரி சுமார் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் பனைகள் இல்லை. பிறகு வந்த ஆய்வுகள் அந்த எண்ணைப் பனைக் குடும்பத்தின் கிளைக்குக் கிளை மாற்றிப் போட்டன. சில விசிறிப் பனைகள் 2 டிகிரி வரைக்கும் இறங்குகின்றன, மழைக்காட்டுக் கிளைகள் பல 10 டிகிரிக்கே நடுங்குகின்றன. அதனால் புதைபடிவம் ‘ஏதோ ஒரு பனை’ என்றால் கிடைக்கும் விடை தளர்வானது. எந்தக் கிளை என்று தெரிந்தால் விடை இறுகும்.

அப்படியானால் பனை இருந்த இடம் வெப்பமண்டலம்தானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பனை ஒரு வெப்பமானி என்றால், அது கீழ்க்கோடு மட்டும் போட்ட வெப்பமானி. குளிர்காலம் எவ்வளவுக்குக் கீழே போகவில்லை என்று சொல்லும். கோடை 25 டிகிரியா 40 டிகிரியா என்று சொல்லாது. மழைக்காடா, பாலையில் ஒரு ஊற்றங்கரையா என்றும் தானாகச் சொல்லாது. ஈச்சையும் பனைக் குடும்பம்தான், மழைக்காட்டுப் பிரம்பும் அதே குடும்பம்தான். இன்றைக்கே மத்தியதரைக்கடல் கரையில் குட்டையான ஒரு விசிறிப் பனை காடாக வளர்கிறது. ஆகவே ஒரு பாறையில் விசிறி ஓலை கிடைத்தால் ‘இங்கே கடும் குளிர்காலம் இல்லை’ என்று மட்டும் எழுதலாம். அதற்கு மேல் எழுத வேறு சாட்சி வேண்டும்.

விதிவிலக்கு நீப்பா. இதற்கு நிற்கும் தண்டு கிடையாது. தண்டு சேற்றுக்குள் படுத்துக் கிடக்க, மட்டைகள் மட்டும் சேற்றிலிருந்து நேராக எழும். வங்கக் கடலோரத்திலிருந்து பசிபிக் தீவுகள் வரை, வெதுவெதுப்பான கழிமுகச் சதுப்புகளில் மட்டும் இருக்கிறது. வெப்பமும் உப்புத்தண்ணீர் கலப்பும் இரண்டுமே வேண்டும் அதற்கு. நீப்பா கிடைத்தால் அது வெறும் ‘குளிர் இல்லை’ என்ற செய்தி அல்ல; கடற்கரை எங்கே இருந்தது என்ற செய்தியும் கூடவே வருகிறது.

எதிர்பாராத இடங்களில் கிடைத்தவை எவை?

நான்கைச் சொல்கிறேன். நான்கும் இயோசீன் காலத்தின் முற்பகுதி, அதாவது சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 1,000 பங்கையோ அதற்கு மேலோ தொட்டிருந்த காலம். இன்று சுமார் 420-ஐத் தாண்டியிருக்கிறோம். துருவங்களில் பனிக்கட்டித் தொப்பி கிடையாது.

முதலாவது லண்டன். தேம்ஸ் முகத்துவாரத்தின் ஷெப்பி தீவுக் கரையில் களிமண் சரியச் சரிய நீப்பாக் காய்கள் வெளியே வருகின்றன. எலினார் ரீட், மார்ஜரி சாண்ட்லர் என்ற இரு பெண் ஆய்வாளர்கள் 1933-இல் இந்தக் களிமண்ணின் காய்களையும் விதைகளையும் விரிவாகப் பதிவு செய்தார்கள். இவை பைரைட்டாக, அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமமாக மாறியவை. எடுத்த புதிதில் கனமாக, உலோகப் பளபளப்போடு அழகாக இருக்கும். அலமாரியில் சும்மா வைத்தால் ஈரக்காற்று பட்டு அமிலம் கசிந்து, சில வருடங்களில் சாம்பல் நிறப் பொடியாகிவிடும். 5 கோடி வருஷம் தாங்கிய காய் அலமாரியில் தாங்காது. அதனால்தான் அருங்காட்சியகங்களில் பலவற்றைச் சிலிக்கோன் எண்ணெயில் மூழ்கடித்து வைக்கிறார்கள்.

இரண்டாவது அமெரிக்காவின் வயோமிங். பழைய ஏரிப்படுகையின் வெளிறிய தகட்டுப் பாறையில், மீன்களோடு மீன்களாக ஆள் உயர விசிறி ஓலைகள் விரிந்து கிடக்கின்றன. இன்று அங்கே சனவரி முழுக்க உறைபனி. கடலிலிருந்து வெகு தொலைவில் இருக்கும் நிலத்தின் உட்பகுதி குளிர்காலத்தில் வேகமாகக் குளிர வேண்டும். அங்கே பனை எப்படிப் பிழைத்தது? காலநிலையைக் கணக்கிடும் கணினி மாதிரிகளுக்கு இந்த ஓலைகள் பல ஆண்டுகள் தலைவலி கொடுத்தன. கரியமில வாயுவை ஏற்றிக் கொடுத்தாலும் மாதிரிகள் உட்பகுதியை உறைய வைத்துக்கொண்டே இருந்தன. மேகங்களைக் கணக்கிடும் விதம் திருந்தியபின் இடைவெளி குறைந்திருக்கிறது. ஓலை சொன்னதுதான் சரி, கணக்குதான் தப்பு என்று ஆன சம்பவம் இது. எனக்கு மிகவும் பிடித்தது.

மூன்றாவது வட துருவம். ஆர்க்டிக் கடலடியில் லொமோனோசோவ் முகட்டில் 2004-இல் துளையிட்டு எடுத்த படிவில், ஒரு குறுகிய வெப்ப எழுச்சிக் காலத்து அடுக்கில் பனை மகரந்தம் இருந்தது. குளிர்மாதச் சராசரி 8 டிகிரிக்கு மேல் என்று அதை வைத்துக் கணித்தார்கள். மாதக்கணக்கில் சூரியனே எழாத இடம் என்பதை நினைவில் வையுங்கள்.

நான்காவது அண்டார்க்டிகா. வில்க்ஸ் நிலக் கரைக்கு அப்பால் 2010-இல் எடுத்த கடலடி மண்ணில் பனை மகரந்தமும், இலவம், பெருக்கமரம் (பாவோபாப்) ஆகியவற்றின் உறவுக்கார மகரந்தமும் கிடைத்தன. அங்கேயும் குளிர்காலம் 10 டிகிரிக்கு மேல் என்ற முடிவுக்கு வந்தார்கள். செய்தித்தாள்கள் உடனே ‘அண்டார்க்டிகாவில் தென்னந்தோப்பு’ என்ற தொனிக்குப் போய்விட்டன. கரையோரத் தாழ்நிலத்தில்தான் இந்தப் பனைகள். உள்ளே மேட்டுநிலத்தில் குளிர்தாங்கும் காடு இருந்ததும் அதே மண்ணிலேயே தெரிகிறது.

மகரந்தம் எங்கிருந்தோ காற்றில் வந்திருக்கலாமே? காய் மிதந்து வந்திருக்கலாமே?

நியாயமான சந்தேகம். காய் நிச்சயம் மிதக்கும். ஒற்றைக் காயை வைத்து யாரும் காடு கட்டுவதில்லை. ஷெப்பியில் காய்கள் ஏராளம், கூடவே வெப்பம் விரும்பும் வேறு பல தாவரங்களின் விதைகளும் உண்டு.

மகரந்தத்தில் வேறொரு சிக்கல்: பழைய பாறை அரிக்கப்பட்டு அதன் மகரந்தம் புதிய படிவில் கலந்துவிடலாம். நிறமும் தேய்மானமும் பார்த்து அதை ஓரளவு பிரிக்கிறார்கள். மேலும், துருவ ஆய்வுகள் மகரந்தத்தை மட்டும் நம்பவில்லை. மண்ணில் வாழும் பாக்டீரியாக்களின் கொழுப்பு மூலக்கூறுகள் வெப்பநிலைக்கு ஏற்ப மாறும். அதே படிவில் அவற்றை அளந்தபோதும் மிதமான வெப்பம் என்றே வந்தது. கனடாவின் எல்ஸ்மியர் தீவிலோ இயோசீன் முதலையினத்தின் எலும்புகளும் ஆமைகளும் கிடைத்திருக்கின்றன. முதலையும் மிதந்து வந்தது என்று சொல்ல முடியாதில்லையா?

பழங்காலப் பனைக்கு இன்றைய பனையின் குணம்தான் என்று எப்படி நம்புவது?

முழுதாக நம்ப முடியாது. தனியொரு இனம் காலப்போக்கில் குணம் மாறியிருக்கலாம். ஆனால் ஒற்றைக் குருத்து, உறக்கமின்மை, புதுப்பிக்க முடியாத குழாய் ஆகியவை குடும்பத்தில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான உடலமைப்பு, அது புதைபடிவத்திலேயே கண்ணுக்குத் தெரிகிறது. கல்லில் புள்ளிகள் இருக்கின்றன, வளையம் இல்லை என்றால் பலவீனமும் அங்கேயே இருக்கிறது.

எதிர்த்திசையிலும் ஒரு திருத்தம் உண்டு. கரியமில வாயு மிகுந்த காற்றில் வளர்க்கும் செடிகளின் இலைகள் பனியைத் தாங்குவது குறைகிறது என்று சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். இயோசீன் காற்று அப்படிப்பட்டதுதான். ஆக, நாம் சொல்லும் 5 டிகிரி அந்தக் காலத்துக்குக் குறைவான எண்ணாகக்கூட இருக்கலாம்.

வெப்பமண்டலத்தைப் பற்றியே பனைகள் எதுவும் சொல்வதில்லையா?

சொல்கின்றன, ஆனால் கூட்டாளிகளோடு சேர்ந்து. கொலம்பியாவின் செரெகோன் நிலக்கரிச் சுரங்கத்தில் சுமார் 6 கோடி ஆண்டு பழைய இலைகள் குவிந்து கிடக்கின்றன. பனை, அவரைக் குடும்பம், சேம்புக் குடும்பம் என்று இன்றைய தென் அமெரிக்க மழைக்காட்டின் முக்கியக் குடும்பங்கள் அப்போதே ஆஜர். டைட்டனோபோவா என்ற சுமார் 13 மீட்டர் பாம்பும் அங்கேதான் கிடைத்தது. அந்தக் காடு இன்றைய மழைக்காட்டைப் போலவோ அதைவிடவோ வெப்பமானது என்று சொல்வது பாம்பின் உடலளவும் இலைகளின் வடிவமும்; பனை அந்தக் காட்டில் ஓர் ஆள், அவ்வளவுதான்.

மத்திய இந்தியாவில் கதை இன்னும் சுவாரசியம். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், தக்காண எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக வழிந்தது. ஒரு வழிதலுக்கும் அடுத்ததற்கும் நடுவே கிடைத்த இடைவெளியில் ஏரிகள் உண்டாகி, கரையில் மரங்கள் வளர்ந்து, அடுத்த குழம்பில் மூடப்பட்டன. இந்தியா அப்போது பூமத்திய ரேகைக்குத் தெற்கே, தனித் தீவாக நகர்ந்துகொண்டிருந்தது. இந்தியத் தொல்தாவரவியலாளர் பீர்பல் சாஹ்னி முதலியோர் அங்கிருந்து பல பனைத் தண்டுகளை விவரித்தார்கள். அதே அடுக்குகளில் கிடைத்த ஒரு காயை எக்ஸ்ரே குறுக்குப்படங்களாக எடுத்து 2019-இல் மறுபடி ஆராய்ந்தார்கள்; அது கிளைப்பனைக்கு நெருங்கிய சொந்தம் என்று தெரிந்தது. காயை உடைக்காமலே உள்ளே இருக்கும் கொட்டையின் சுவர் வரை பார்க்க முடிகிறது.

இன்னொன்று, சிந்த்வாரா மாவட்டத்து மோகாவ் கலானில் கிடைத்த நீப்பாக் காய். நாட்டின் நட்ட நடுவில் கழிமுகப் பனை! கடலின் ஒரு கை உள்ளே நீண்டிருக்க வேண்டும் என்ற வாதம் அதிலிருந்து கிளம்பியது. பக்கத்து ஜில்மிலியில் கடல் நுண்ணுயிர்களின் ஓடுகள் பிற்பாடு கிடைத்தபோது அந்த வாதத்துக்கு உயிர் வந்தது.

உயர் அட்சரேகைகளிலிருந்து பனைகள் எப்போது காணாமல் போயின?

படிப்படியாக. பெரிய வெட்டு சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்தது. கரியமில வாயு குறைந்து அண்டார்க்டிகாவில் பனிப்பாளம் நிலைத்தபோது துருவப் பக்கத்துப் பனைகளுக்கு இடமில்லாமல் போனது. ஆப்பிரிக்காவும் அடி வாங்கியது. அங்கே பனை மகரந்த வகைகள் அந்தக் கட்டத்தில் சட்டென்று குறைகின்றன, பிற்பாடு வறட்சியும் சேர்ந்துகொண்டது. இன்றைக்கு ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் சுமார் 65 பனை இனங்கள்தான். பக்கத்திலிருக்கும் மடகாஸ்கர் தீவில் சுமார் 200.

தேங்காய்ப் புதைபடிவம் உண்டா?

தேங்காய் மாதிரி உண்டு. நியூசிலாந்தில் கிடைத்தவை சுமார் மூன்றரை சென்டிமீட்டர் நீளம்தான், ஆனால் மூன்று கண்ணும் உண்டு. செரெகோனில் பெரிய காய் ஒன்று கிடைத்திருக்கிறது. இவை தென்னையின் பங்காளிக் கூட்டம் என்பதில் சந்தேகமில்லை, தென்னையேதானா என்பதில்தான் சண்டை.

பனைகளின் இந்தக் குளிர் எல்லைக்கோட்டை இன்று உயிரோடு எங்காவது பார்க்க முடியுமா?

சுவிட்சர்லாந்தின் தெற்கு மூலையில், திசீனோவின் ஏரிக்கரைகளில் பார்க்கலாம். சீனாவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த ஒரு விசிறிப் பனை தோட்டங்களில் வெகுகாலமாக நின்றது. கடந்த சில பத்தாண்டுகளில் குளிர்காலம் இளகியதும் அதன் விதைகள் பக்கத்துக் காடுகளில் முளைக்கத் தொடங்கின. சனவரிச் சராசரி 2 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கும் இடங்களில் அது தானாகப் பெருகுகிறது என்று அங்கே ஆய்ந்தவர்கள் சொல்கிறார்கள். புதைபடிவக்காரர்கள் அந்தக் காட்டுக்குள் போனால் உயரமான மரங்களை அண்ணாந்து பார்ப்பதில்லை. தோட்டத்தில் யாரோ சாக்குப் போர்த்திக் காப்பாற்றிய மரம் கணக்கில் சேராது. குனிந்து, சருகுக்குள் இரண்டு குளிர்காலம் தாண்டிய கன்று எத்தனை என்று எண்ணுகிறார்கள்.